மிஷனெரிப் பணித்தளத்திலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு: சேலம், ஏற்காடு குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் 11 ஆண்டுகள் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைகளில் மிஷனெரிகளாக இருந்தோம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது இரண்டு பிள்ளைகளோடு சேலத்துக்குத் திரும்பினோம். அது நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அஸ்தம்பட்டியில் வாடகை வீடு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மாமனாருக்கு 1 ஏக்கர் 40 சென்ட் காப்பித் தோட்டம் உண்டு. மாமனாரும் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிறகு குஜராத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திரும்பி வந்த சில குடும்பங்கள் எங்களைத் தேடி வந்து பேசின. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. நம் ஊழியத்துக்கான விலையை நம்மைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள் இங்கே இருந்தவர்கள். பண்டிகைக்குப் பிள்ளை வராத வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். ஆகையால் திரும்பி வந்த முதல் ஆண்டு அவர்களுக்குச் சேர வேண்டியது.

வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தூங்குங்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்துச் சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். அடுத்த ஞாயிறே நாங்கள் சாட்சி சொல்வோம் என்று சபையில் அறிவித்திருந்தார்கள். மறுக்கத் துணிவில்லாமல் ஒத்துக்கொண்டோம். அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு சபை, பிறகு வாலிபர் கூட்டம், பிறகு பெண்கள் ஐக்கிய சங்கம். முதல் இரண்டு மாதங்களில் மாமனாரோடு நாங்கள் முழுதாக உட்கார்ந்திருந்த நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எந்த மனிதருக்காக வந்தோமோ அவரைப் பார்க்க நேரமில்லாமல் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தோம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பவுலும் பர்னபாவும் முதல் பயணம் முடிந்து அந்தியோகியாவுக்குத் திரும்பி, நடந்ததைச் சபையாருக்கு அறிவித்தார்கள் என்று வேதம் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை, அங்கே நெடுநாள் தங்கினார்கள் என்றும் சொல்கிறது. அறிவிப்பதைச் செய்துவிட்டு, தங்குவதை விட்டுவிடுகிறோம். போதகரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: “ஐயா, மூன்று மாதம் கழித்து வருகிறோம்.” அவர் புரிந்துகொள்வார்.

பிள்ளைகள் வீட்டாரிடம் ஒட்டவில்லை. தமிழ் பேசவும் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வி கேட்காத குடும்பமே இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் மகள் அங்கேயே பிறந்தவள். இங்கே வரும்போது அவளுக்கு ஏழு வயது. வந்த மறுநாள், அவளுடைய அப்பாயி பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, “அப்பாயி, நீ எழுந்து வா” என்றாள். சுற்றியிருந்த உறவினர் முகம் மாறியது. “பிள்ளைக்கு மரியாதை சொல்லித்தரவில்லையா?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். இரவெல்லாம் யோசித்தேன். அவள் தமிழைக் கேட்டது எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்து மட்டுந்தான். நாங்கள் அவளை “நீ வா, நீ சாப்பிடு” என்றுதான் சொல்வோம். அவளுக்குக் கிடைத்த தமிழில் “நீங்கள்” என்ற சொல் அவளை நோக்கி வந்ததே இல்லை. அண்டை வீட்டார் பேச்சு, கடைக்காரர் பேச்சு, அத்தை மாமா பேச்சு எதுவும் இல்லாமல் வளர்ந்த மொழி அது. தவறு பிள்ளையுடையது அல்ல.

மறுநாள் முதல் நானும் கணவரும் பிள்ளைகள் முன்னால் ஒருவரையொருவர் “நீங்கள், வாருங்கள்” என்றே பேசினோம். பிள்ளைகளையும் “வாங்க கண்ணு” என்று கூப்பிட்டோம். இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. அதட்டித் திருத்தியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டாள்.

அவள் மலையில் விளையாடியது மால்டோ மொழி பேசும் பிள்ளைகளோடு. மால்டோவும் திராவிட மொழிதான். அதில் “ஏன்” என்றால் நான். “நீன்” என்றால் நீ. இதை நான் மாமியாரிடம் சொன்னபோது அவர் வியந்துபோய், “அவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் நம் சாதிசனம் மாதிரி பேசுகிறார்களா!” என்றார். அன்றிலிருந்து பேத்தியிடம் மால்டோச் சொற்களைக் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார். பிள்ளை கொண்டுவந்த மொழியை மறக்கடிக்காதீர்கள். பெரியவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பிள்ளை அவர்கள் மொழியைத் தானாக வாங்கிக்கொள்ளும்.

மாமனாரோடு அவள் நெருங்கியது காப்பிக் களத்தில். அது டிசம்பர் மாதம். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். இடது கை வராது என்பதால் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கையில் நீளக் குச்சியை வைத்து எட்டிய வரை கிளறுவார். எட்டாத இடத்தை அவள் காலால் கிளறிவிட ஆரம்பித்தாள். பேச்சில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு பிடி எடுத்து அவள் காதருகே குலுக்கிக் காட்டினார். சத்தம் வரவில்லை. “இன்னும் ஈரம்” என்றார். தினமும் மாலையில் ஒரு பிடியை அவரிடம் கொண்டுபோய்க் குலுக்குவாள். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ உள்ளே கொட்டை கலகலவென்று ஆடியது. “காய்ந்துவிட்டது தாத்தா!” என்று அவள் கத்திய சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு மாமனாருக்கும் சொற்கள் தடுக்கித்தான் வரும். சொல் தேடுகிற இரண்டு பேர் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தார்கள். உங்கள் வீட்டில் காப்பி இல்லாவிட்டால் கொலுசுக்கு மணி கோப்பதோ முருங்கைக்கீரை ஆய்வதோ இருக்கும். “தாத்தாவிடம் போய்ப் பேசு” என்று தள்ளுவதைவிட ஒரு வேலையில் உட்கார வையுங்கள்.

மகனுக்கு அப்போது 12 வயது. அவனுக்கு மாலையில் தள்ளுவண்டித் தட்டுவடை செட்தான் சேலத்தைப் பிடிக்க வைத்தது. அதுவும் வேண்டியதுதான்.

பள்ளியில் சேர்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கேட்கவும் உரிமை உண்டு. இருந்தாலும் புறப்படும் முன்பே மாற்றுச் சான்றிதழை வாங்கி, அந்த மாவட்டக் கல்வி அதிகாரியின் மேலொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். இங்கே பல பள்ளிகள் கேட்கின்றன. திரும்பிப் போய் வாங்குவது பெரும்பாடு.

தமிழ்நாட்டில் 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அங்கே இந்தி வழியில் படித்த பிள்ளைக்கு இதுதான் மலை. பணித்தளத்தில் இருக்கும்போதே தினம் அரைமணி நேரம் தமிழ் எழுதப் பழக்குங்கள். நாங்கள் பேசினால் போதும் என்று விட்டுவிட்டோம். மகன் ழகரமும் ளகரமும் பிடிபட ஓர் ஆண்டு அழுதான்.

இன்னொன்று, எங்களுக்கு யாரும் சொல்லாதது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அது 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. எங்கள் மகன் 7ஆம் வகுப்பில் வந்து சேர்ந்தான். ஓர் ஆண்டு வித்தியாசத்தில் அது இல்லாமல் போனது. இன்று அவன் 12ஆம் வகுப்பு. நான் யாரையும் குறை சொல்லவில்லை. திரும்புவது எப்படியும் உறுதி என்றால் மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டை மனதில் வைத்துத் தேதியைக் குறியுங்கள்.

எந்தெந்தத் தாள்களை மாற்ற வேண்டும்?

ஆதார் முகவரி முதலில். மற்றவை அதைத் தொடரும். வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8. குடும்ப அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அங்கே நீக்கிய சான்று இல்லாமல் இங்கே சேர்ப்பது இழுபறியாகும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் கொண்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். திரும்பிய ஆண்டில் பெரும்பாலான மிஷனெரிக் குடும்பங்களின் வருமானம் அந்த வரம்புக்குள்தான் இருக்கும்; கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே பதிவு செய்த பைக்கைக் கொண்டுவந்திருந்தால், அந்த ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றோடு 12 மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பள்ளி திறக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் கூட்டம் நெரியும்.

வந்த பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. பயப்பட வேண்டுமா?

டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “நான் இத்தனை ஆண்டு ஜார்க்கண்டில் இருந்தேன், அங்கே மலேரியா வந்திருக்கிறது.” இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றே முதலில் பார்ப்பார்கள். மலேரியாவில் விவாக்ஸ் என்ற வகை கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். அதை வேரோடு எடுக்கத் தனியாக பிரைமாகுயின் மாத்திரை உண்டு. வழக்கமாக 14 நாள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் விடுகிறவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. எல்லோருடைய உடலும் அந்த மாத்திரையை ஏற்காது. அதற்கான இரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்வார்.

சாகிப்கஞ்ச், பாக்கூர், தும்கா, கோட்டா பக்கம் இருந்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மணல் ஈ கடித்து வரும் காலா அசார். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மெலிவு, மண்ணீரல் வீக்கம் இவை அறிகுறிகள். அது குணமாகிப் பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தோலில் வெளிறிய திட்டுகளோ தடிப்புகளோ வரலாம். என் கணவருக்குக் கழுத்தில் அப்படி ஒன்று வந்தது. தேமல் என்று களிம்பு பூசிக்கொண்டே எட்டு மாதம் போனது. எங்கே வாழ்ந்தோம் என்பதைச் சொன்ன பிறகுதான் சரியான பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பணத்துக்கு என்ன வழி? ஆதரவாளர்கள் நிறுத்திவிட்டால்?

நிறுத்துவார்கள், நிறுத்துவதுதான் நியாயம். அவர்கள் தாங்கியது பணித்தளத்தை. ஒவ்வொருவருக்கும் கையால் நன்றிக் கடிதம் எழுதுங்கள். ஜெபக்கடிதம் அச்சடித்து அனுப்புவதைப்போல அல்ல. அவர் அனுப்பிய ஐந்நூறு ரூபாய் எந்த மழைக்காலத்தில் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லும் கடிதம். நான் 43 எழுதினேன்.

நம்மை ஊழியத்துக்கு அனுப்பிய ஸ்தாபனம் வருங்கால வைப்பு நிதி கட்டியிருந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகள் முடிந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். எட்டு, ஒன்பது ஆண்டுகளில் வந்தவர்கள் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிவைத்தால் அடுத்த வேலையின் ஆண்டுகள் அதோடு சேரும்.

என் கணவருக்கு ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. 40 வயதில் புதிய வேலைக்காரராக நிற்பது அவருக்கு எளிதாக இல்லை. சொந்தத் தொழில் நினைப்பவர்கள் டாம்கோ என்னும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனைப் பற்றி மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். 1999 முதல் இருக்கும் கழகம் அது, கிறிஸ்தவர்களுக்கும் உரியது. திரும்பிய முதல் ஆறு மாதத்தில் மட்டும் கடன் வாங்காதீர்கள். அப்போது சேலத்து விலைவாசியே நமக்குத் தெரியாது.

மாமியார் வீட்டில் இருக்கிறோம். அடுப்படியில் தினம் மனத்தாங்கல்.

சகோதரி, உங்கள் பாரம் எனக்குத் தெரியும். பணித்தளத்தில் நாம் ஒரு வீட்டை நடத்தியவர்கள். இருபது பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள், பிரசவம் பார்க்க இரவில் டார்ச்சோடு நடந்தவர்கள். இங்கே வந்து, “உப்பு எவ்வளவு போடட்டும் அத்தை?” என்று கேட்டு நிற்கும்போது ஏதோ ஒன்று உள்ளே சுருங்கிப்போகிறது.

நாங்கள் முதல் ஏழு மாதம் நாகலூரில்தான் இருந்தோம். மாமியார் வைத்த இடத்தில் வைத்த சாமான் இருக்க வேண்டும் என்பார். நான் என் வசதிக்கு மாற்றுவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பழையபடி வைப்பார். ஒருநாள் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே எங்கள் பார்சல் ரசீதுகள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் தோட்டத்துக் காப்பியை வறுத்து அரைத்து, துணியில் தைத்து, தபாலில் அனுப்புவார். 11 ஆண்டு, 11 ரசீது. எங்களுக்கு வந்து சேர்ந்தவை ஏழு. வராத நாலைப் பற்றி நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை. “வந்தது அத்தை, நன்றாக இருந்தது” என்று போனில் சொல்லியிருக்கிறோம். சின்னப் பொய் என்று நினைத்தோம். அன்று மாலை அடுப்படியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போது நாலு கிறிஸ்துமஸ் நீங்கள் வெறும் டீதான் குடித்தீர்களா கண்ணு?” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு நான் அந்த அடுப்படியில் எதையும் இடம் மாற்றவில்லை.

வழி கேட்டீர்கள். வாரத்தில் ஒருநாள் உங்கள் சமையல் என்று கேட்டு வாங்குங்கள். நான் மலை மக்களைப்போல மக்காச்சோளமும் தட்டைப்பயறும் சேர்த்து வேகவைப்பேன். மாமியார் அதில் கொஞ்சம் வெங்காயம் தாளித்துக் கொட்டி, “இப்போது சாப்பிடு” என்பார். வசதி வந்ததும் தனி வீடு பாருங்கள், அதில் பாவமில்லை. ஆனால் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பாருங்கள். நாங்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறோம்.

கணவர் பேசுவதே இல்லை. தூக்கமும் இல்லை. இது விசுவாசக் குறைவா?

இல்லை. நேசித்த இடத்தை இழந்தவருக்கு வரும் துக்கம் இது. அங்கே இருவரும் ஒரே வேலையில் தோளோடு தோள் நின்றோம். இங்கே அவர் ஆலைக்கு, நான் வீட்டுக்கு. ராத்திரி பேசப் பொதுவாக ஒன்றும் இல்லாமல் போனது. நாங்கள் தினமும் இரவு உணவுக்குப் பின் கன்னங்குறிச்சி சாலையில் அரைமணி நேரம் நடக்க ஆரம்பித்தோம். முதல் வாரம் மௌனமாகத்தான் நடந்தோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை உண்டு, தமிழிலேயே பேசலாம். ஜெபத்தோடு இதையும் செய்யுங்கள். மலேரியாவுக்கு மாத்திரை சாப்பிட்டபோது நம் விசுவாசம் குறையவில்லையே.

சபையில் சாட்சி சொல்லும்போது எப்படிப் பேசுவது?

பத்து நிமிடம். அந்த மக்களின் வறுமையை மட்டும் சொல்லாதீர்கள். கங்கைக்கு மேலே அந்தச் செங்குத்து மலையில் தட்டைப்பயறு விளைவிக்கும் அவர்களுடைய திறமையைச் சொல்லுங்கள், நமக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லுங்கள். நம் சேலமும் ஒரு காலத்தில் பணித்தளம்தான். லண்டன் மிஷன் 1827இல் இங்கே வேலையைத் தொடங்கியது. இன்றும் லெக்லர் ஆலயம் என்று ஒரு மிஷனெரியின் பெயரைச் சொல்கிறோம். நம் முன்னோரைப் பற்றி அவர்கள் ஊரில் போய் எப்படிப் பேசியிருந்தால் நமக்குப் பிடிக்குமோ, அப்படிப் பேசுங்கள்.

பெயர், ஊர், குழந்தைகளின் படம் இவற்றை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றம் தொடர்பான சட்டம் இருக்கிறது. இங்கே ஆர்வத்தில் பகிரும் ஒரு படம் அங்கே ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கலாம்.

“ஊழியத்தை விட்டுவிட்டீர்களா?” என்று கேட்கிறார்களே?

“மாமனாரைப் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். குணமான மனிதன் ஒருவன் இயேசுவின் பின்னால் வர விரும்பியபோது, உன் வீட்டாரிடத்துக்குப் போ என்றுதான் அவர் அனுப்பினார்.

இனி எனக்கென்று குறிக்கோள் வைத்துக்கொள்ளலாமா? அது சுயநலம் ஆகாதா?

ஆகாது. பணித்தளத்தில் நம் குறிக்கோளை ஸ்தாபனம் எழுதித் தந்தது. இத்தனை கிராமம், இத்தனை பிள்ளைகள் என்று. அந்தத் தாள் இல்லாமல் போனதும் காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தெரியாது. அதனால்தான் பலர் ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஸ்தாபனத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

முதல் ஆண்டு நான் வீட்டுக்கென்று வைத்தேன். இரண்டாம் ஆண்டு ஒரு நோட்டில் மூன்றே வரி எழுதினேன். ஒன்று, இந்தியில் தேர்வு எழுதிப் பாடம் சொல்லித்தருவது. இரண்டு, ஆறு மாதச் செலவுக்கான பணம் சேர்ப்பது. மூன்று, என் அம்மாவை வேளாங்கண்ணிக் கடற்கரைக்கு ஒருமுறை அழைத்துப்போவது. அவர் கடலைப் பார்த்ததே இல்லை. மூன்றும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டி அவர்கள் சம்மதத்தோடு எழுதியவை. அவர்கள் அறியாத குறிக்கோள் அவர்கள் நேரத்தைத் திருடும்.

தட்சிண பாரத இந்தி பிரசார சபா 1918 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை தேர்வு. 11 ஆண்டு இந்தி பேசியவளுக்கு என்ன கஷ்டம் என்று பிராத்மிக்கிலிருந்து தொடங்கினேன். ஆனால் நான் பேசியது மலையடிவாரச் சந்தை இந்தி. அங்கே எல்லோரும் “ரோட்டி அச்சா ஹை” என்போம். இலக்கணத்தில் ரோட்டி பெண்பால். “அச்சீ” என்றுதான் வர வேண்டும். நாக்கில் ஏறியதைத் திருத்தப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினேன். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத் இரண்டு, பிரவீண் முதல் பாதி முடிந்துவிட்டன. கடைசி ஒன்று பாக்கி. இப்போது மாலையில் 14 பிள்ளைகள் முன்னறையில் படிக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எதிர்பாராத ஒன்று முளைத்தது. சேலத்தில் கட்டடவேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஒருநாள் அரசு மருத்துவமனைச் சீட்டு வாங்கும் வரிசையில் ஒரு பெண், குழந்தையின் நோயைச் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். பாக்கூர்க்காரி. அவள் சொன்னதை நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அங்கே போகிறேன். இதற்கு நன்கொடையும் இல்லை, அறிக்கையும் இல்லை.

பணம் நாலு மாதச் செலவு வரைதான் சேர்ந்திருக்கிறது. அம்மா கடலைப் பார்த்துவிட்டார், முழங்கால் வரை இறங்கி நின்று, “இதற்குக் கரையே இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் குறிக்கோளுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். “மிஷனெரி” என்று யாரும் உங்களைக் கூப்பிடாவிட்டாலும் அதைச் செய்வீர்களா என்று பாருங்கள். செய்வீர்கள் என்றால் எழுதுங்கள்.

குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் சேருவதே இல்லை.

பணித்தளத்தில் மின்சாரம் இல்லாததால் இரவு ஏழுக்கே எல்லோரும் ஒரு விளக்கைச் சுற்றி இருந்தோம். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. நேரத்தைக் குறைத்துக்கொண்டோம்: ஏழு நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு பாட்டு. மகன் டியூஷன் முடிந்து வர 8.40 ஆகும், அவனுக்காகக் காத்திருந்து தொடங்குகிறோம்.

பணித்தள மக்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் ஆண்டில் அங்கே போகாதீர்கள். உங்களுக்குப் பின் வந்தவர் வேரூன்ற வேண்டும். அவர்கள் குறை சொன்னால் “புதிய அண்ணனிடம் சொல்லுங்கள்” என்று அனுப்பிவிடுங்கள். பணம் அனுப்பச் சொன்னால் புதியவருக்குத் தெரியாமல் அனுப்பாதீர்கள்.

நாங்கள் ஞாயிறு மாலை போன் செய்கிறோம். அந்தக் கிராமத்தில் சிக்னல் ஒரு பாறைமேல் மட்டும்தான் கிடைக்கும். ஆறு மணிக்கு யாராவது அங்கே ஏறி நிற்பார்கள். இருட்டினால் இறங்க வேண்டும் என்பதால் இருபது நிமிடந்தான். நாகலூரில் இருக்கும் ஞாயிறுகளில் மாமியார் போனை வாங்கி, தன் தமிழிலேயே, “சாப்பிட்டீர்களா? மழை உண்டா?” என்று கேட்பார். மகள் பக்கத்தில் நின்று மால்டோவில் சொல்வாள்.